கிண்ணத்தை எடுக்காதீர்கள்

சென்னையில் நாய் வளர்ப்பவர்களுக்குள் ஒரு யோசனை கை மாறிக்கொண்டே இருக்கிறது. ராத்திரியில் நாய் எழுப்புகிறது என்று யாராவது சொன்னால் போதும், "ஏழு மணிக்கு மேல தண்ணி வைக்காதீங்க, தானா சரியாயிடும்" என்று பதில் வரும். மயிலாப்பூர் மாடவீதிப் பக்கத்து அபார்ட்மென்ட் லிஃப்ட்டிலும் இதைக் கேட்கலாம், அடையாறு காந்தி நகரில் காலை நடையிலும் கேட்கலாம். சொல்பவர்கள் நல்ல எண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். கேட்கும்போது கணக்கும் சரியாகத்தான் படுகிறது: உள்ளே போவது குறைந்தால் வெளியே வருவதும் குறையும் அல்லவா?

நோய்ப்பட்ட நாயின் உடலில் இந்தக் கணக்கு பெரும்பாலும் தலைகீழாக ஓடுகிறது. அது அதிகம் குடிப்பதால் அதிகம் போவதில்லை. சிறுநீரில் தண்ணீரை இழந்துகொண்டே இருப்பதால்தான் ஓயாமல் குடிக்கிறது. அந்த நாயின் முன்னாலிருந்து கிண்ணத்தை எடுத்துவிட்டால் சிறுநீர் நிற்காது, நாய் வறண்டுபோகும். மே மாதச் சென்னையில் அது உயிரோடு விளையாடுவது. இந்த அத்தியாயத்தில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

முதலில் நல்ல உடல்நிலையில் இருக்கும் நாயின் கணக்கைப் பார்ப்போம். ஒரு நாளில் அதன் எடையில் கிலோவுக்கு 20 முதல் 40 மில்லி வரை சிறுநீர் உண்டாகிறது. 10 கிலோ நாய் என்றால் 24 மணி நேரத்துக்கு 200 முதல் 400 மில்லி. இரவு பத்து மணியிலிருந்து காலை ஆறு மணி வரை இதில் மூன்றில் ஒரு பங்கு, ஏறத்தாழ ஒரு காபி டம்ளர் அளவு, பையில் சேரும். வளர்ந்த நாயின் சிறுநீர்ப்பைக்கு இது பெரிய சுமையே இல்லை. தூங்கும் நேரத்தில் தண்ணீர் உள்ளே போகாததால் ரத்தம் லேசாகச் செறிவாகிறது. மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி வாசோபிரசின் என்ற ஹார்மோனை விடுகிறது. அது சிறுநீரகத்தின் நுண்குழாய்களில் தண்ணீர் மட்டும் புகக்கூடிய வாசல்களைத் திறந்து, வெளியே போகவிருந்த தண்ணீரை ரத்தத்துக்கே திருப்பி அனுப்புகிறது. அக்வாபோரின் எனப்படும் இந்த வாசல்களைக் கண்டுபிடித்ததற்காகத்தான் பீட்டர் ஆக்ருக்கு 2003-ல் வேதியியல் நோபல் கிடைத்தது. இந்த வேலையில் நாயின் சிறுநீரகம் நம்முடையதைவிடக் கெட்டி. நம்மால் முடிவதைப்போல ஏறத்தாழ இரு மடங்கு செறிவாக அதனால் சிறுநீரைச் சுண்டவைக்க முடியும்.

ஆகவே, உடம்பு நன்றாக இருக்கும் வளர்ந்த நாய் ராத்திரி முழுக்கத் தாங்கும். தாங்காமல் எழுப்புகிறது என்றால் காரணம் இருக்கிறது.

மிக எளிய காரணம் நம் வீட்டுச் சாப்பாட்டிலேயே இருக்கலாம். இந்த ஊரில் எத்தனையோ நாய்களுக்கு ராத்திரிச் சாப்பாடு குழையப் பிசைந்த தயிர் சாதம்தான். வீட்டில் எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு, ஒன்பது, ஒன்பதரை மணிக்கு அதன் தட்டில் விழும். வெந்த சோற்றில் பத்தில் ஏழு பங்கு தண்ணீர். தயிரில் எட்டரைப் பங்குக்கும் மேல். 300 கிராம் தயிர் சாதம் சாப்பிட்ட நாய் 200 மில்லிக்கு மேல் தண்ணீரை அதோடு சேர்த்தே விழுங்கிவிடுகிறது. 10 கிலோ நாய்க்கு நாள் முழுவதற்கும் தேவையான தண்ணீர் சுமார் 600 மில்லி என்றால், அதில் மூன்றில் ஒரு பங்கு படுக்கப்போகும் நேரத்தில் ஒரே மூச்சில் உள்ளே போகிறது. சாதத்தில் உப்பும் இருந்தால், அதன் பிறகு கிண்ணத்தையும் காலி செய்யும். ஒரு மணி, இரண்டு மணிக்குக் கதவைப் பிறாண்டுவதில் வியப்பில்லை. தயிர் சாதம் கெடுதல் என்று சொல்லவில்லை. அதை மாலை ஆறு, ஆறரைக்கு, உப்பில்லாமல் கொடுங்கள். படுக்கும் முன் ஒருமுறை கீழே கூட்டிப் போங்கள். பல வீடுகளில் இதுவே போதுமானது.

வெயிலும் ஒரு காரணம். நாய்க்கு நம்மைப்போல வியர்க்கும் சுரப்பி பாதத்தில்தான் இருக்கிறது. சூட்டைத் தணிக்க அது மூச்சிரைத்து, நாக்கிலும் மூச்சுக்குழாயிலும் இருக்கும் ஈரத்தை ஆவியாக்குகிறது. சென்னைக் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் ஆவியாவது மந்தப்படும். ஆகவே இன்னும் நேரம் இரைக்கும், இன்னும் தண்ணீர் போகும். பகலெல்லாம் படுத்து இரைத்துக்கொண்டிருந்துவிட்டு, பொழுது சாய்ந்த பிறகுதான் பல நாய்கள் நிதானமாகக் குடிக்க வருகின்றன. அந்த நேரத்தில் தடுக்கக் கூடாது. பகலிலேயே குடிக்க வையுங்கள்: இரண்டு மூன்று இடத்தில் கிண்ணம், கோடையில் ஒரு ஐஸ்கட்டி, உப்புப் போடாத நீர்மோர்.

சாப்பாட்டு நேரத்தை மாற்றியும் எழுப்புகிறதா? அடுத்து அளக்க வேண்டும். டாக்டரின் அறையில் இந்தப் பேச்சு எத்தனையோ முறை நடக்கிறது:

"தண்ணி நல்லா குடிக்குதா?"

"நல்லா குடிக்குது டாக்டர்."

"நல்லான்னா எவ்ளோ?"

அந்தக் கேள்விக்குக் கையில் ஒரு எண்ணோடு போனால், நோயைக் கண்டுபிடிப்பதில் பாதி வேலை வீட்டிலேயே முடிந்துவிடும். காலையில் அளவுக் கோப்பையால் அளந்து கிண்ணத்தில் ஊற்றுங்கள். மறுபடி நிரப்பும்போதெல்லாம் ஊற்றியதை எழுதி வையுங்கள். மறுநாள் அதே நேரத்தில் மிச்சத்தை அளந்து கழியுங்கள். பாத்ரூம் வாளி, பூந்தொட்டித் தட்டு, பால்கனியில் துடைப்பதற்கு வைத்த பக்கெட் எல்லாவற்றையும் அன்று மூடி வைக்க வேண்டும். நாய்க்கு அவையும் கிண்ணம்தான். இப்படி மூன்று நாள் பாருங்கள். வந்த எண்ணை நாயின் எடையால் வகுத்தால் கிலோவுக்கு எத்தனை மில்லி என்று தெரிந்துவிடும். 50, 60 வரை சாதாரணம். 100-ஐத் தாண்டினால், வெயில் காலமாக இருந்தாலும், அதைப் பழக்கக் கோளாறு என்று நினைத்து நாள் கடத்தாமல் டாக்டரிடம் போக வேண்டும்.

கூடவே காலையின் முதல் சிறுநீர். கழுவி உலர்த்திய சிறு கரண்டியை, ஓட்டம் தொடங்கிய பிறகு, பின்னாலிருந்து மெல்ல நீட்டினால் ஆண் நாயிடம் சுலபமாகப் பிடித்துவிடலாம். குந்தும் பெண் நாய்க்கு ஆழமில்லாத ஒரு தட்டு. மூடியுள்ள சுத்தமான டப்பாவில் ஊற்றி ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுபோங்கள்; முடியாவிட்டால் ஃப்ரிட்ஜில் வையுங்கள். அதில் ஒரு சொட்டை ரிஃப்ராக்டோமீட்டரில் விட்டு, தண்ணீரோடு ஒப்பிட எவ்வளவு கனம் என்று பார்ப்பார்கள். 1.030-க்கு மேல் என்றால் சிறுநீரகம் தண்ணீரைச் சேமிக்கிறது. 1.008-க்கும் 1.012-க்கும் இடையிலேயே நாள்தோறும் நின்றால், ரத்தத்தின் நீர்ப்பகுதி சுண்டாமல் அப்படியே வெளியேறுகிறது என்று பொருள்.

இந்த எண்ணுக்கு நான் இவ்வளவு இடம் கொடுப்பதற்குக் காரணம் உண்டு. சிறுநீரகம் மெல்ல மெல்லப் பழுதாகும்போது, அதன் வடிகட்டி அலகுகளில் மூன்றில் இரண்டு பங்கு போன நிலையிலேயே சிறுநீரைச் சுண்டவைக்கும் திறன் குறைந்துவிடுகிறது. ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் ஏறுவதோ நான்கில் மூன்று பங்கு போன பிறகுதான். அதாவது ரத்தம் சொல்லும் முன்பே ராத்திரி இரண்டு மணி சொல்லிவிடுகிறது. வயதான நாய் திடீரென்று எழுப்ப ஆரம்பித்தால் "வயசாயிடுச்சு" என்று விட்டுவிடுபவர்கள், மருந்தும் உணவு மாற்றமும் நன்றாக உதவக்கூடிய மாதங்களை இழந்துவிடுகிறார்கள்.

சிறுநீர் சொல்லும் செய்தியைச் சரியாகப் படித்ததால் மருத்துவ வரலாறே திரும்பிய ஒரு சந்தர்ப்பமும் உண்டு. 1889, ஸ்ட்ராஸ்பர்க் நகரம். கணையம் இல்லாமல் கொழுப்பு செரிக்குமா என்று பார்க்க, ஆஸ்கர் மின்கோவ்ஸ்கியும் யோசப் ஃபான் மேரிங்கும் ஒரு நாயின் கணையத்தை அகற்றினார்கள். வீட்டுப் பழக்கம் நன்றாகக் கற்ற நாய் அது. சில நாட்களில் ஆய்வுக்கூடத் தரையெல்லாம் நனைக்கத் தொடங்கியது. வெளியே கூட்டிப் போகவில்லையா என்று மின்கோவ்ஸ்கி பணியாளரைக் கடிந்துகொண்டார். கூட்டிப் போகிறேன், வெளியே போய்விட்டு உள்ளே வந்த உடனேயே மறுபடி போகிறது என்றார் அவர். நாயை அடிக்கவோ தண்ணீரை நிறுத்தவோ மின்கோவ்ஸ்கி சொல்லவில்லை. அளவுக்கு மீறிச் சிறுநீர் போனால் சர்க்கரை இருக்கிறதா என்று பார் என்பது அவருடைய ஆசிரியர் நௌனின் கற்பித்த பாடம். பார்த்தார், இருந்தது. நீரிழிவு கணையத்திலிருந்து தொடங்குகிறது என்பது அப்போதுதான் உலகுக்குத் தெரிந்தது. அந்த வழியில் நடந்துதான் 1921-ல் டொராண்டோவில் பான்டிங்கும் பெஸ்ட்டும் இன்சுலினை எட்டினார்கள். இன்று நம் வீடுகளில் போடப்படும் ஒவ்வொரு இன்சுலின் ஊசிக்கும் பின்னால், அடக்க முடியாமல் தவித்த அந்த நாய் இருக்கிறது. அது தானாக விரும்பி அந்த மேசைக்குப் போகவில்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

நாய்களுக்கு நீரிழிவு இப்போதும் வருகிறது. ரத்தத்தில் சர்க்கரை 180, 200 மில்லிகிராமைத் தாண்டினால் சிறுநீரகத்தால் அதைத் தடுத்து வைக்க முடியாது. மாங்காய்த் துண்டில் உப்பைப் போட்டால் நீர் விடுவதைப்போல, வழிந்தோடும் சர்க்கரை தன்னோடு தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகிறது. அட்ரீனல் சுரப்பி கார்ட்டிசோலை அதிகமாக விடும் குஷிங் நோயில் வாசோபிரசினின் பேச்சு சிறுநீரகத்தில் எடுபடாது. இதே விளைவை மாத்திரையாலும் கொண்டுவரலாம்: தோல் அரிப்புக்குக் கொடுக்கும் பிரட்னிசலோன் தாகத்தையும் சிறுநீரையும் கூட்டும். மாத்திரை ஆரம்பித்த வாரமும் நாய் எழுப்ப ஆரம்பித்த வாரமும் ஒன்றாக இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், ஸ்டீராய்டைச் சட்டென்று நிறுத்துவது ஆபத்து.

ஒன்றை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். கருத்தடை செய்யாத பெண் நாய், சீசன் முடிந்து ஒன்றிரண்டு மாதத்துக்குள் அதிகமாகத் தண்ணீர் குடித்து, சோர்ந்து, சாப்பாட்டை ஒதுக்கினால் அது கர்ப்பப்பையில் சீழ் கட்டும் பயோமெட்ராவாக இருக்கலாம். சீழ் வெளியே வடியாமலும் இருக்கும். அதற்கு நாளை என்பது கிடையாது, அன்றே ஆஸ்பத்திரி. வேப்பேரியில் 1903-ல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனைக்கு மயிலாப்பூரிலிருந்தும் தி.நகரிலிருந்தும் தலைமுறைகளாக நாய்கள் போய்வருகின்றன. ஸ்கேன் இருக்கும் எந்த நல்ல கிளினிக்கும் இதைக் கண்டுபிடித்துவிடும்.

அளவு சரியாக இருந்து, ஆனால் கொஞ்சம் கொஞ்சமாக, முக்கி முக்கிப் போனால் பையிலோ வழியிலோ தொற்று, கல், ஆண் நாயாக இருந்தால் புராஸ்டேட் வீக்கம். தூக்கத்திலேயே படுக்கை நனைந்தால் அது வேறு விஷயம். கருத்தடை செய்த சில பெண் நாய்களுக்கு வால்வுத் தசை தளர்ந்து கசியும். அதற்கு மருந்து உண்டு.

இனி, உடம்பில் எந்தக் குறையும் இல்லாத நாய். தி.நகர் போன்ற இடத்தில் அது ராத்திரியில் எழுப்புவதற்கு ஒரு தனிக் காரணம் இருக்கிறது: தெரு.

சிறுநீர்ப்பைக்கு இரண்டு எஜமானர்கள். பரிவு நரம்புகள் பையைத் தளர்த்தி வாயிலை இறுக்கும். அது சேர்த்து வைக்கும் வேலை. இணைப்பரிவு நரம்புகள் பையைச் சுருக்கும். அது காலி செய்யும் வேலை. பயமோ பரபரப்போ வந்தால் முதலாமவர் ஆட்சிதான். பயத்தில் சொட்டுவிடும் குட்டிகள் உண்டு என்றாலும், வளர்ந்த நாய் பெரும்பாலும் அடக்கிக்கொள்ளும். இரவு பத்து மணிக்கு கேட்டைத் திறந்ததும் எதிர்ச் சந்தில் நான்கு தெருநாய்கள் எழுந்து நிற்கின்றன. அந்தத் தெரு அவற்றுடையது. 1959-ல் தி.நகரில் கேப்டன் வி. சுந்தரத்தின் வீட்டில் பிறந்த புளூ கிராஸ் என்ற விலங்கு நல அமைப்பு, நாய்களைக் கொல்வதற்குப் பதில் கருத்தடை செய்து பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்று பல ஆண்டு வாதாடியது. மத்திய அரசின் 2001-ன் விதிகளும் 2023-ன் விதிகளும் அதையே சொல்கின்றன. நான் அதை மனதார ஏற்கிறேன். ஆனால் நம் வீட்டு நாய்க்கு அதன் பொருள், வாசலில் நிலையாக ஒரு கூட்டம் இருக்கிறது என்பது. அவை குரைக்க, இது உடம்பை விறைத்து நிற்க, நாமும் செயினை இழுத்துப் பிடிக்க, இரண்டு கம்பத்தில் காலைத் தூக்கிவிட்டு மேலே வந்துவிடுகிறது. பை காலியாகவில்லை. ஊர் அடங்கிய இரண்டு மணிக்குத்தான் உடம்பு தளர்ந்து, போக வேண்டும் என்று தோன்றுகிறது. தீபாவளி வாரத்திலும், வடகிழக்குப் பருவமழையில் முழங்கால் தண்ணீர் நிற்கும் நாட்களிலும் இதே கதை.

பை காலியானதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? அமெரிக்காவின் ஜார்ஜியா டெக்கில் பட்ரிசியா யாங், டேவிட் ஹூ குழுவினர் 2014-ல் ஓர் அழகான உண்மையை வெளியிட்டார்கள். மூன்று கிலோவுக்கு மேற்பட்ட பாலூட்டி எதுவானாலும், நாயோ யானையோ, நிறைந்த பையைக் காலி செய்ய எடுத்துக்கொள்ளும் நேரம் சராசரியாக 21 நொடி. 13 நொடி கூடலாம், குறையலாம். பெரிய விலங்கின் பை பெரிது, ஆனால் குழாயும் நீளம், அகலம், வேகமாகப் பாய்ந்துவிடுகிறது. ஆகவே படுக்கும் முன் கூட்டிப் போகும்போது மனதுக்குள் எண்ணுங்கள். இரண்டிரண்டு நொடியாக ஏழெட்டு இடம் என்றால் அது எல்லை குறிப்பது. ஒரே ஓட்டமாகப் பத்து, பதினைந்து நொடி வந்தால்தான் மேலே வரலாம். தெருநாய்கள் தொந்தரவு என்றால் கட்டடத்தின் பின்பக்கம், கார் நிறுத்துமிடத்தின் ஓரம், அசோசியேஷன் சம்மதித்தால் மொட்டை மாடி என்று அமைதியான ஓர் இடத்தை நிரந்தரமாக்கித் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுங்கள். இடம் மாறாமல் இருப்பது நரம்புகளுக்குப் பெரிய உதவி.

கடைசியாகப் பழக்கம். நாயின் தூக்கம் நம்முடையதைப் போல நீண்ட ஒரே தூக்கம் அல்ல. ஆஸ்திரேலியாவில் ஆடம்ஸ், ஜான்சன் இருவரும் 1993-ல் வெளியிட்ட ஆய்வில், நாய்கள் ராத்திரியில் சுமார் 16 நிமிடம் தூங்கி, 5 நிமிடம் விழித்து, மறுபடி தூங்குவதைக் கண்டார்கள். ஆக, நாய் இரண்டு மணிக்கு விழித்திருப்பதே சாதாரணம். ஒருநாள் வயிறு கெட்டு நிஜமாகவே எழுப்பியிருக்கும். நாம் கூட்டிப் போனோம். வெயில் இல்லை, பைக் இல்லை, ரோடு குளுகுளுவென்று இருக்கிறது, வாசனையெல்லாம் புதிது; பாவம் என்று வரும்போது ஒரு பிஸ்கட்டும் கொடுத்தோம். நாயின் பக்கத்திலிருந்து பார்த்தால், நாளிலேயே சிறந்த நடை அதுதான்! அடுத்த நாள் கேட்காமல் இருக்குமா? நான்கு நாள் மறுத்து ஐந்தாம் நாள் இரங்குவது நிலைமையை மோசமாக்கும். எப்போதாவது கிடைக்கும் பரிசுதான் பழக்கத்தை மிகக் கெட்டியாக வேரூன்ற வைக்கிறது என்பது ஸ்கின்னரும் ஃபெர்ஸ்டரும் 1957-லேயே விரிவாகக் காட்டியது.

அழட்டும் என்று விடுவதைவிட எனக்குப் பிடித்த வழி வேறு. நாய் இரண்டரைக்கு எழுப்புகிறது என்றால் இரண்டேகாலுக்கு நீங்கள் அலாரம் வைத்து எழுந்திருங்கள். செயின், அதே இடம், ஐந்து நிமிடம், பேச்சில்லை, விளையாட்டில்லை, பிஸ்கட் இல்லை. போனால் மெல்லத் தட்டிக்கொடுத்துவிட்டு மேலே. முனகினால் கதவு திறக்கும் என்ற தொடர்பு இதில் அறுந்துவிடுகிறது. சில நாள் அமைதியாகப் போனதும் இரண்டரை, பிறகு இரண்டேமுக்கால் என்று தள்ளிக்கொண்டே வந்தால் விடியலைத் தொட்டுவிடலாம். தூக்கம் கெடும் வாரங்கள் இவை. வீட்டில் இருவர் மாறிமாறிச் செய்தால்தான் தாக்குப்பிடிக்கும். குட்டிகளுக்கு இந்த வித்தை வேண்டாம். பிறந்த குட்டிக்குத் தாய் நக்கிவிட்டால்தான் சிறுநீரே வரும். இரண்டு மாதக் குட்டியால் மூன்று மணி நேரம் தாங்குவதே பெரிது. எழுப்பினால் எழுந்துதான் ஆக வேண்டும், மாதங்கள் போகப்போக இடைவெளி நீளும்.

மூப்பில் மூளையும் தளர்கிறது. பகலெல்லாம் தூங்கி, இரவில் உலாத்தி, சுவரைப் பார்த்தபடி நின்று, வெளியே போனதும் எதற்கு வந்தோம் என்று மறந்து நிற்கும் நாய்க்குப் பயிற்சியால் பயனில்லை. மூட்டுவலியில் படுக்க முடியாமல் எழுந்து வருவதையும் நாம் அவசரம் என்று நினைத்துவிடுவோம். டாக்டர் இரண்டுக்கும் மருந்து தருவார். வீட்டில் வழுக்கும் டைல்ஸ் மேல், படுக்கையிலிருந்து பால்கனி வரை கோணிச் சாக்கோ ரப்பர் மேட்டோ விரித்து, ஒரு சின்ன நைட் லாம்ப் போட்டுவிட்டால் மூன்று மாடி இறங்க வேண்டிய அவசியமே இராது. பால்கனி மூலையில் விளிம்புள்ள அகலத் தட்டில் மணலோ புல்லோ பரப்புங்கள். முதல் முறை, கீழே அது போன இடத்தில் ஒரு செய்தித்தாள் துண்டை ஒற்றி எடுத்துவந்து அந்தத் தட்டில் வைக்க வேண்டும். மூக்கு இன்னும் நன்றாக வேலை செய்யும் நாய் என்றால் இரண்டு மூன்று நாளில் பிடித்துக்கொள்ளும்.